நல்ல நேரத்தில் கிளம்பிய பை

டிராவல் ஏஜென்சியில் உட்கார்ந்திருப்பவன் உலகம் சுற்றியவன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். புனே கேம்ப்பில் ஒரு சின்ன ஏஜென்சியின் கவுன்ட்டரில் உட்கார்ந்து சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து என்று நான் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், நான் போயிருந்த ஊர்கள் இரண்டே இரண்டு. ஒரு பக்கம் பக்கத்திலேயே இருக்கும் லோனாவளா, இன்னொரு பக்கம் எங்கள் சொந்த ஊரான குடியாத்தம். குடியாத்தத்துக்கும் யாராவது கல்யாணம் பண்ணிக்கொண்டாலோ செத்துப்போனாலோதான் போவோம்.

ஆனால் வாய்க்கு மட்டும் பாஸ்போர்ட் தேவையில்லையே. தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு இருக்கிறது, அங்கே குஸ்கோ என்று ஒரு மலை ஊர், அங்கிருந்து ரயிலில் போனால் மச்சு பிச்சு என்று மலை உச்சியில் ஒரு பழைய கல் நகரம் என்று நான் சொல்ல ஆரம்பித்தால், கேட்பவர்களுக்கு மூச்சு வாங்கும். "குஸ்கோவில் இறங்கினவுடனே வேகமா நடக்காதீங்க, காற்று ரொம்ப மெல்லிசு" என்று போன வாரம்தான் அங்கே தலைசுற்றி உட்கார்ந்தவன் மாதிரி சொல்வேன். நீங்கள் எப்போது போனீர்கள் என்று யாராவது கேட்டால், "சீசன்ல" என்பேன். (எந்த சீசன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றே திருந்தியிருப்பேன்.)

2006-இல் அந்த வாய்க்குச் சோதனை வந்தது. பெருவில் இருக்கும் ஒரு சுற்றுலாக் கம்பெனி, இந்திய ஏஜென்சிக்காரர்களைச் சலுகை விலையில் வரவழைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னது. நாம் பார்த்துவிட்டு வந்து ஆட்களை அனுப்ப வேண்டும், அதுதான் ஏற்பாடு. எங்கள் முதலாளி சேட்டுக்கு மும்பை போகும் பஸ்ஸிலேயே வாந்தி வரும். இரண்டு நாள் விமானத்தில் உட்காருவதற்கு அவர் தயாரில்லை. "தூ ஜா", நீ போ என்று சொல்லிவிட்டார். குடும்பத்தில் இரண்டு பேரைக் கூட்டிப்போகலாம், அவர்களுக்கும் சலுகை உண்டு என்று கடிதத்தில் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். புனேவை ஒட்டிய தாபோடியில் ராணுவத்தைச் சேர்ந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். வாழ்நாள் முழுக்க இரும்பை அரத்தால் ராவி ராவி, ஒன்றோடு ஒன்று இடைவெளி இல்லாமல் பொருத்துவதுதான் அவர் வேலை. ஒரு வருடம் ஒர்க்‌ஷாப்புக்கு ஏதோ வெளிநாட்டு மிஷின் கம்பெனி காலண்டர் வந்தது. அதில் ஒரு மாதத்துக்கு மச்சு பிச்சுவின் கல் சுவர். சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல்லைக் கல்லோடு செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள், நடுவில் கத்திகூட நுழையாது என்று கீழே போட்டிருந்தது. அந்தத் தாளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். விருந்தாளிகள் அது எந்தக் கோயில் என்று கேட்பார்கள். அப்பா சுவரைப் பற்றி ஆரம்பிப்பார். "கத்தி நுழையாதாம். கத்தி எவ்ளோ தடிப்பு, அது எப்டி நுழையும்? ஃபீலர் கேஜ் வெச்சுப் பாத்தாதான தெரியும்" என்பார். (ஃபீலர் கேஜ் என்பது விசிறி மாதிரி விரியும் மெல்லிய எஃகு இதழ்கள். இரண்டு இரும்புக்கு நடுவே எவ்வளவு சந்து இருக்கிறது என்று விட்டுப் பார்க்கும் கருவி. அப்பாவிடம் சொந்தமாகவே ஒன்று உண்டு.)

ஆக, நான் கடிதத்தைக் காட்டியதும் அப்பா பீரோவைத் திறந்து அந்த ஃபீலர் கேஜை எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைக்க ஆரம்பித்தார். அவர் வரச் சம்மதித்துவிட்டார் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா வேறு மாதிரி தயாரானாள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக மும்பைக்குப் போய்வந்த களைப்போடு, சமையலறையில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரை எடுத்து, நாங்கள் ஊரில் இல்லாத நாட்களின் தாள்களை மட்டும் முன்கூட்டியே கிழித்து, ஒரு கிளிப் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், சூலம் எல்லாம் அதில் இருக்கிறதே. நான் சிரித்தேன். பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு ராகு காலம் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டேன். அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "சூரியன் எந்த ஊர்ல நம்ம தலைக்கு மேல கீதோ, அந்த ஊரு மணிதான்" என்றாள். நான் பெட்டி கட்டப் போய்விட்டேன்.

குஸ்கோவில் போய் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஊரெல்லாம் எச்சரித்த அந்த மெல்லிய காற்றில் முதலில் தலைசுற்றிச் சுவரைப் பிடித்தது நான்தான். அறுபது தாண்டிய அம்மாவும் அப்பாவும் மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு, விடுதிக்காரி கொடுத்த கோக்கா இலை டீயைக் குடித்துவிட்டு, பாலும் சர்க்கரையும் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். விடுதியை நடத்தியவர் மார்த்தா என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும், இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார். திங்கட்கிழமை காலை அவர் ஒரு உறையைக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை விடியற்காலை மச்சு பிச்சு போகும் ரயிலுக்கு மூன்று டிக்கெட், மேலே அந்தக் கல் கோட்டைக்குள் நுழைய மூன்று டிக்கெட். பாஸ்போர்ட் கையில் இல்லாமல் ரயிலில் ஏற்ற மாட்டார்கள் என்று இரண்டு தடவை சொன்னார். நான் கண்ணை மூடித் தலையாட்டினேன். எனக்கா சொல்லித்தர வேண்டும்?

அறைக்கு வந்து விவரத்தைச் சொன்னதும் அம்மா கைப்பையிலிருந்து தாள்களை எடுத்துப் பார்த்தாள். மச்சு பிச்சு எந்தத் திசை என்று கேட்டாள். வடமேற்கு என்றேன்.

"செவ்வாக்கெழமைல எவனாவது புதுசா கெளம்புவானாடா? வடக்கால சூலம் வேற. நான் வரல."

நான் விளக்கினேன். புதன்கிழமை காலையில் லிமாவுக்கு விமானம், அன்றிரவே அங்கிருந்து ஊருக்கு விமானம், சலுகை டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாது. செவ்வாய் விட்டால் மச்சு பிச்சு கிடையாது. அம்மா அசையவில்லை. அப்பா கட்டிலில் உட்கார்ந்து மறுநாள் போடப்போகும் ஸ்வெட்டரின் பாக்கெட்டில் ஃபீலர் கேஜை வைத்து, பட்டன் போட்டு, தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகச் சுவரில் பார்த்த சுவர். அவர் முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"சரி, பரஸ்தானம் வெச்சுடலாம்" என்றாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பயணம் கிளம்பும் நாள் சரியில்லை, ஆனால் கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் நம்முடைய பை ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அதன்பிறகு எந்த ராகுவும் எந்தச் சூலமும் நம்மைக் கேட்க முடியாது. போகும்போது அந்த வீட்டில் பையை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். தாபோடி காலனியில் எங்கள் பை பக்கத்து வீட்டு மராட்டிக்கார அத்தை வீட்டில் எத்தனையோ இரவுகள் தங்கியிருக்கிறது.

எனக்கு இது பெரிய நிம்மதியாகப் போயிற்று. எதிர்த்த சாரியில் ஒரு சலவைக் கடை இருந்தது. சுற்றுலாக்காரர்களின் துணியை எடை போட்டு வாங்கித் துவைத்துக் கொடுக்கும் கடை. ரோசா என்று ஒரு அம்மாள், கடைக்குப் பின்னாலேயே வீடு. காலை ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரம். பைக்குள் சும்மா எதையாவது போட்டு வைக்கக் கூடாது, பயணத்துக்கு நிஜமாகவே வேண்டிய பொருள் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அவள் தன் பங்குக்கு ஒரு புடவை, அப்பாவின் ஒரு சட்டை, ஒரு பொட்டலத்தில் அரிசியும் மஞ்சளும் வைத்தாள்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களையெல்லாம் எண்ணிப் பார்த்தால், வேலை செய்யாத நாட்கள் எவ்வளவு அருமையானவை என்று தெரியும்.) விடியற்காலை அவசரத்தில் எதிர்க்கடையில் பை இருப்பதையே மறந்துவிட்டு ரயிலடிக்கு ஓடிவிட்டால்? அப்புறம் அம்மா பாதி வழியில் இறங்குவேன் என்பாள். மறக்காமல் இருக்க என்ன வழி? எது இல்லாமல் நாம் ரயிலேற முடியாதோ, அதை அந்தப் பைக்குள் வைத்துவிட்டால் மறக்கவே முடியாது. ரயில் டிக்கெட், கோட்டை டிக்கெட், மூன்று பாஸ்போர்ட் எல்லாவற்றையும் உறையோடு பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்படிப்பட்டவனைப் போய்ச் சேட்டு கவுன்ட்டரில் உட்கார வைத்திருக்கிறாரே என்றுகூடத் தோன்றியது.

மார்த்தாவைக் கூட்டிப்போய் ரோசாவிடம் விளக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் மார்த்தாவுக்கு முதலில் நான் விளக்க வேண்டுமே. நானோ இந்தியாவிலிருந்து வந்திருக்கும் டிராவல் ஏஜென்ட். செவ்வாய்க்கிழமை, சூலம், பை கிளம்பினால் ஆள் கிளம்பின மாதிரி என்றெல்லாம் இங்கிலீஷில் சொன்னால் அந்த அம்மாள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? தனியாகவே போனேன்.

ரோசா பையை வாங்கித் தராசில் வைத்தார். நான் வேண்டாம், துவைக்க வேண்டாம் என்று கையை ஆட்டி, பையைத் தட்டிக் காட்டி, எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் அத்தனையையும் பேசினேன். "மச்சு பிச்சு. மன்யானா. ட்ரென்." மன்யானா என்றால் நாளைக்கு, ட்ரென் என்றால் ரயில். ரோசா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ நீளமாகக் கேட்டார். "சீ" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். இன்னொன்று கேட்டார். அதற்கும் சீ. அப்புறம் உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்து, கையால் தூரத்து மலையைக் காட்டி மூன்றாவதாக ஒன்று கேட்டார். அதற்கும் நான் சீ, சீ என்று இரண்டாகப் போட்டுக் கொடுத்தேன். அவர் என் தோளைத் தட்டினார். திரும்பி வந்து அம்மாவிடம், பாஷை என்பது பெரிய விஷயமே இல்லை, மனிதர்களுக்கு மனிதர்கள் புரியும் என்று பிரசங்கம் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை. நல்ல குளிர். மூன்று பேரும் சலவைக் கடையின் கதவைத் தட்டினோம். போர்வையைப் போர்த்திக்கொண்டு ரோசா வந்து திறந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஆச்சரியம். நான் பை என்று கையால் காட்டினேன். அவர் மலர்ந்து சிரித்து, கையை ரயில் மாதிரி வளைத்து வளைத்து மலைப் பக்கம் ஓட்டிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. மறுபடி பை என்றேன். அவர் மறுபடி ரயில் ஓட்டினார். அம்மா என் முதுகுக்குப் பின்னால், "இன்னாடா சொல்லுது இந்தம்மா?" என்று கேட்டாள். ஓடிப்போய் மார்த்தாவை எழுப்பிக் கூட்டிவந்தேன்.

இரண்டு பெண்களும் பேசினார்கள். பிறகு மார்த்தா என்னிடம் திரும்பி நிதானமாகச் சொன்னார். நான் பையை முன்னாலேயே மச்சு பிச்சுவுக்கு அனுப்பச் சொன்னேனாம். ரோசாவின் அக்கா மகன் வில்பர், மச்சு பிச்சு மலையடிவாரத்து ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறானாம். லீவு முடிந்து நேற்று மத்தியானம் திரும்பிப் போனவனிடம் கொடுத்தனுப்பிவிட்டாராம். வயதான அப்பா அம்மா கனமில்லாமல் போகட்டும் என்று எவ்வளவு யோசனையாக ஏற்பாடு செய்கிறான் இந்தப் பிள்ளை என்று நேற்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாராம்.

நான் அனுப்பச் சொல்லவில்லை, இங்கே ஒரு ராத்திரி வைத்திருக்கத்தான் கொடுத்தேன் என்றேன்.

மார்த்தா எதிரே பத்தடியில் இருந்த தன் விடுதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இங்கே எதற்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. உலகத்தில் எந்த ஊரில், புத்தியுள்ள எவன், தான் தங்கியிருக்கும் அறைக்கு எதிர்க்கடையில் ஒரு பையைத் தூங்கவைப்பதற்காகக் கொடுப்பான்? முதல் நாள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டது அத்தனையையும், அந்தக் குளிரில், பல் கிட்டிக்க, நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல நேரத்தில் பை கிளம்பிவிட்டால் நாங்களும் கிளம்பிவிட்ட மாதிரி என்று முடித்தேன். மார்த்தா அதை ரோசாவுக்கு மொழிபெயர்த்தார். ரோசா யோசித்து ஏதோ சொன்னார். "பை நல்லபடியாகக் கிளம்பிவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்கிறாள்" என்றார் மார்த்தா. கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்கள்.

பைக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் மார்த்தா நெற்றியில் கையை வைத்தார். நைட்டியின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு எங்களோடு ரயிலடிக்கு ஓடிவந்தார். டிக்கெட் பரிசோதகரிடம் எங்களுக்காக மன்றாடினார். அவர் ரொம்ப மரியாதையானவர். பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள் என்றார். பாஸ்போர்ட் மச்சு பிச்சுவில் இருக்கிறது என்றோம். சரி, போய் எடுத்துவாருங்கள் என்றார். அங்கே போகத்தான் இந்த ரயிலில் ஏற வேண்டும் என்றோம். ரயிலில் ஏறப் பாஸ்போர்ட் வேண்டும் என்றார். அந்த ஊருக்கு ரோடு கிடையாது. ரயில்தான். சுற்றிச் சுற்றி இதையே பேசி முடிப்பதற்குள் விசில் அடித்துவிட்டார்கள்.

ரயில் போய்விட்டால் போய்விட்டது என்று இருந்திருக்கலாம். குஸ்கோவில் அந்தக் கொடுப்பினையும் இல்லை. மலைச்சரிவு செங்குத்தாக இருப்பதால் அந்த ரயில் கொஞ்ச தூரம் முன்னால் போய், நின்று, பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய் என்று கோணல்மாணலாக ஏறும். நாங்கள் ஏறாத ரயில் எங்கள் தலைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. அப்பா தலையைத் தூக்கிக் கடைசிவரை பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தெட்டு வயதுக் கடா, வேற்று நாட்டு ரயிலடியில் நின்று மூக்கை உறிஞ்சினேன். அம்மா செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மார்த்தா விடுதிக்கு வந்து வில்பரின் ஹோட்டலுக்கு போன் போட்டார். பை பத்திரமாக இருக்கிறது, ஆனால் வில்பர் இல்லை. பையின் சொந்தக்காரர்கள் முதல் ரயிலில் வருவார்கள், நேரே கோட்டை வாசலுக்குத்தான் போவார்கள் என்று நினைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை மேலே போய்விட்டானாம். சாயங்கால ரயிலில் பையைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அன்று பகல் முழுக்க என்ன செய்வது? குஸ்கோவிலேயே ஒரு சந்தில் அந்தக் காலத்துக் கல் சுவர் ஒன்று இருக்கிறது, அதே மாதிரி வேலைதான் என்று மார்த்தா சொன்னார். அப்பாவைக் கூட்டிப்போனேன். அப்பா சுவரின் முன்னால் நின்று, ஸ்வெட்டர் பாக்கெட்டின் பட்டனைக் கழற்றி, ஃபீலர் கேஜை எடுத்தார். இருப்பதிலேயே மெல்லிய இதழைப் பிரித்து இரண்டு கல்லுக்கு நடுவே மெதுவாக வைத்துப் பார்த்தார். போகவில்லை. வேறொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் போகவில்லை. அதற்குள் ஒரு பெண் போலீஸ் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அப்பா பயப்படவில்லை. அந்த இதழை அவரிடம் தொட்டுப் பார்க்கக் கொடுத்து, போகல என்று தமிழிலேயே சொல்லி, ரொம்ப நல்ல வேலை என்று கட்டை விரலைக் காட்டினார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, ஆனாலும் சுவரைத் தொடக் கூடாது என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

"பாத்தீங்களேப்பா" என்றேன், கொஞ்சம் தைரியம் வந்து.

"பாத்தன். நல்லாத்தான் கீது" என்றார். அப்புறம் நடந்துகொண்டே, "ஆனா இது ஊருக்குள்ள கட்னதுடா. ரோடு கீது, ஆளு கீது, கட்டலாம். அங்க மலை மேல எப்டி நின்னு ராவுனான்னு பாக்கணும்னுதான் நெனச்சன்" என்றார்.

கோபமே இல்லாமல் சொன்னார். அன்று என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

இருட்டின பிறகு வில்பரே பையோடு வந்தான். ஹோட்டலில் மறுபடி லீவு சொல்லிவிட்டு, வேறு யாரையும் நம்பாமல் தானே கொண்டுவந்திருக்கிறான். களைத்துப்போயிருந்தான். காலையிலிருந்து கோட்டை வாசலில் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நம் ஊர் முகமாக யார் வந்தாலும் காட்டியிருக்கிறான். ஒரு குஜராத்திக் குடும்பம் தங்களிடம் ஏதோ விற்கிறான் என்று நினைத்து விரட்டியிருக்கிறது. ஒருவேளை தவறவிட்டுவிட்டோமோ என்று உள்ளேயும் போய், படிப்படியாக ஏறி, சூரியன் கோயில், காவல் வீடு என்று எங்கெல்லாம் வெளிநாட்டார் நிற்பார்களோ அங்கெல்லாம் பையோடு போய்த் தேடியிருக்கிறான். இதை மார்த்தா சொல்லச் சொல்ல அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே படி எவ்வளவு அகலம், சுவர் எவ்வளவு உயரம் என்று இடையிடையே கேட்டார். வில்பர் கையை விரித்து விரித்துக் காட்டினான்.

கடைசியில் அவன் உறையிலிருந்து மூன்று பாஸ்போர்ட்டையும் எடுத்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொன்னான். கோட்டை வாசலில் சுற்றுலாக்காரர்கள் ஞாபகத்துக்காகப் பாஸ்போர்ட்டில் குத்திக்கொள்ளும் முத்திரை ஒன்று இருக்கிறது. மலை, கோட்டை, நடுவில் தேதி. நாங்கள் வர முடியாமல் போய்விட்டதே என்று அவன் வருத்தப்பட்டு, மூன்றிலும் குத்திக்கொண்டுவந்துவிட்டான். மச்சு பிச்சு பார்த்தோம் என்பதற்கு எங்கள் மூன்று பேரிடமும் அத்தாட்சி இருந்தது. நாங்கள் மட்டும் பார்க்கவில்லை.

அவன் கையைப் பிடித்து அப்பா ரொம்ப நேரம் ஆட்டினார். அவன் போன பிறகு எல்லாம் என் தப்புதான் என்று ஆரம்பித்த நான், என் வழக்கப்படி நடுவில் திரும்பி, ஆனால் இந்தப் பரஸ்தானம் என்கிற மூடநம்பிக்கை இல்லாமல் இருந்திருந்தால் என்று பேச்சை வேறு பக்கம் ஓட்டப் பார்த்தேன். அம்மா விடவில்லை.

"இன்னா தப்பு அதுல? திங்கக்கெழம நல்ல நேரத்துல பை கெளம்புச்சு. போச்சு, கோட்டையெல்லாம் பாத்துச்சு, பத்திரமா திரும்பி வந்துச்சு. செவ்வாக்கெழம கெளம்பினது நாம. ரயிலடியோட நின்னுட்டோம். இதுக்கு மேல ஒனக்கு எப்டிடா சொல்றது?"

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல் தோள் குலுங்கிச் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இதுவரை எத்தனையோ படித்தவர்களிடம் இந்த வாதத்தைச் சொல்லி, இதில் ஓட்டை எங்கே என்று கேட்டிருக்கிறேன். ஒருவரும் காட்டவில்லை.

மும்பை ஏர்போர்ட்டில் இமிகிரேஷன் அதிகாரி அப்பாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டும்போது அந்த முத்திரை கண்ணில் பட்டது. அவருக்கும் அங்கே போக ஆசை போலிருக்கிறது, எப்படி இருந்தது என்று ஹிந்தியில் ஆவலாகக் கேட்டார். அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர். "மாலும் நஹி சாப். பேக் கயா தா" என்றார். தெரியாது, பைதான் போயிற்று என்று. அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சேட்டுக்கு நான் அறிக்கை கொடுத்தேன். மச்சு பிச்சுவைப் பற்றி ஒன்றும் எழுத முடியவில்லை. குஸ்கோ ரயிலடியைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், எதிர்க்கடையில் எதையும் கொடுக்காதீர்கள் என்று நான் கவுன்ட்டரில் சொல்லும்போது என் குரலில் இருந்த உருக்கத்தைப் பார்த்து, நிறைய பேர் என்னிடமே டிக்கெட் எடுத்தார்கள். அப்பாவை மறுபடி கூட்டிப்போக வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னேன். கல்யாணம் வந்தது, வீட்டுக் கடன் வந்தது, பிறகு அப்பாவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. மலை ஏற முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து பாத்ரூமில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா வெளியிலிருந்து, "இன்னாடா, உள்ள போனது நீயா, பையா?" என்று கேட்டார். அவருக்கு இது ஒன்று கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், மருமகள் காய்கறிக்குப் போனாலும்கூட, "நீ போறியா, பை போவுதா?" என்று கேட்காமல் அனுப்ப மாட்டார்.

பிறகு அந்த முழங்காலுக்கே ஆபரேஷன் என்று முடிவானது. கேம்ப்பில் ஒரு ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை காலை வந்து அட்மிட் ஆகச் சொன்னார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். திங்கட்கிழமை நல்ல நேரத்தில் அப்பாவின் லுங்கி, துண்டு, மாத்திரை எல்லாம் வைத்த பையை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். எனக்குப் பாஷை தெரிந்த ஊர், நாளைக்கு வருகிற பேஷன்டின் பை என்று தெளிவாகத்தான் சொன்னேன். ஆனால் சாயங்காலம் ஷிஃப்ட் மாறிவிட்டது. வார்டிலிருந்து ஒரு மலையாளி நர்ஸ் பதறிப்போய் போன் செய்தார். கட்டிலில் பை இருக்கிறது, ஃபைல் போட்டாயிற்று, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார், பேஷன்டைக் காணவில்லை, எங்கே போனார் என்று கேட்டார்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அதான் பை போயிருக்கே" என்றார். "அதுக்கே ஆபரேஷன் பண்ணிடச் சொல்லு. எனக்கு சரியாப் பூடும்."